கியர் மவுண்டன் பைக்கா, சிங்கிள் ஸ்பீடா? கியரை எண்ணாதீர்கள், பல்லை எண்ணுங்கள்

சைக்கிள் கடையில் இரண்டு மவுண்டன் பைக் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதே தடித்த டயர், அதே அகலமான ஹேண்டில்பார், முன்னால் அதே சஸ்பென்ஷன். ஒன்றில் ‘21 ஸ்பீடு’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இன்னொன்றில் கியரே கிடையாது. விலையில் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். எதை வாங்கலாம் என்று நாலு பேரிடம் கேட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். “கியர் இருந்தால் கால் நோகாது, அப்புறம் அது என்ன உடற்பயிற்சி?” என்பார் ஒருவர். “கியர் இல்லாமல் ஒரு மேம்பாலம்கூட ஏற முடியாது” என்பார் மற்றவர்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கியர் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை இரண்டுமே விட்டுவிடுகின்றன. அதை அடியிலிருந்து பார்த்துவிட்டால், தனக்கு எது சரிப்படும் என்பதை ஒவ்வொருவரும் தாமே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

## முதலில் சொற்கள்

1. செயின்வீல்: பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம்.
2. ப்ரீவீல்: பின்சக்கரத்தோடு இருக்கும் பல்சக்கரம். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டில் உருள விடுவது இதன் வேலை. விலை கூடிய கியர் சைக்கிள்களில் பின்பக்கப் பற்களின் அடுக்குக்குக் கேசட் என்று பெயர்.
3. டெரெய்லர்: செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும் கருவி. ஹேண்டில்பாரில் இருக்கும் ஷிப்டரிலிருந்து ஒரு கேபிள் இதை இழுக்கும்.
4. சிங்கிள் ஸ்பீடு: முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஒரே பல்சக்கரம், நடுவில் செயின். அவ்வளவுதான்.

சிங்கிள் ஸ்பீடையும் பிக்ஸட் கியரையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். பிக்ஸடில் ப்ரீவீல் கிடையாது, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைக்க முடியாது. கல்லும் வேருமான பாதையில் பெடல் தரையில் இடித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை.

## ஒரு சுற்று மிதித்தால் எவ்வளவு தூரம்?

சைக்கிளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். முன்பக்கப் பற்களின் எண்ணிக்கையைப் பின்பக்கப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது கியர் விகிதம். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடலை ஒரு முழுச் சுற்று மிதிக்கும்போது சைக்கிள் போகும் தூரம் கிடைக்கும்.

29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு டயரோடு சேர்த்துச் சுமார் 2.3 மீட்டர். 26 அங்குலம் என்றால் சுமார் 2.07 மீட்டர். முன்னால் 32 பல், பின்னால் 20 பல் உள்ள 29 அங்குல சிங்கிள் ஸ்பீடை எடுத்துக்கொள்வோம். மண்பாதையில் ஓட்டுபவர்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் அளவு இது. விகிதம் 1.6. ஆக, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.7 மீட்டர்.

இப்போது 12 கியர் உள்ள ஒரு நல்ல மவுண்டன் பைக். முன்னால் அதே 32 பல். பின்னால் 10 பல் முதல் 51 பல் வரை. மிக இலகுவான கியரில் ஒரு சுற்றுக்கு 1.44 மீட்டர்தான் நகரும். மிகக் கனமான கியரில் 7.3 மீட்டருக்கு மேல். சிங்கிள் ஸ்பீடு இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் நின்றுகொண்டு, “எல்லாப் பாதைக்கும் இதுதான்” என்கிறது.

## 21 என்ற எண் சொல்லாதது

கடை ஸ்டிக்கரில் இருக்கும் 21 எப்படி வருகிறது? முன்னால் 3 செயின்வீல், பின்னால் 7 பல்சக்கரம், பெருக்கினால் 21. கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. பற்களை எண்ணிப் பார்த்தால் கதை வேறு.

பரவலாகக் கிடைக்கும் ஓர் அமைப்பில் முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. முன்னால் பெரியதையும் பின்னால் 28-ஐயும் போட்டால் விகிதம் 1.5. முன்னால் சிறியதையும் பின்னால் 16-ஐயும் போட்டாலும் அதே 1.5. நடுவில் உள்ள 34-ஐ 22-ஓடு சேர்த்தால் 1.55. மூன்று தனித்தனி கியராக எண்ணப்படுபவை காலுக்கு ஒரே கியர்தான். இதே போல 42-24, 34-20, 24-14 மூன்றும் 1.7-ஐ ஒட்டியே வருகின்றன. போதாததற்கு, பெரியதோடு பெரியதும் சிறியதோடு சிறியதும் சேரும்போது செயின் குறுக்கே இழுபட்டுத் தேய்வதால், அந்தச் சேர்க்கைகளைப் பயன்படுத்தவே கூடாது. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு டஜன் கியர்.

அதைவிட முக்கியம் வீச்சு, அதாவது மிகக் கனமான கியருக்கும் மிக இலகுவான கியருக்கும் உள்ள இடைவெளி. மேலே சொன்ன 21 கியர் சைக்கிளில் அது மூன்றரை மடங்கு. 10 முதல் 51 வரை பல் உள்ள 12 கியர் சைக்கிளில் ஐந்து மடங்குக்கும் மேல். 2012-ல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே செயின்வீல், பின்னால் 11 என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. 2016-ல் அது 12 ஆனது. அதன் பிறகு தரமான மவுண்டன் பைக்குகளில் முன்பக்க டெரெய்லரே மெல்ல மறைந்துபோனதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கியரின் எண்ணிக்கை குறைந்தும், ஏறக்கூடிய மேடு கூடியிருக்கிறது.

## ஒரே மேடு, இரண்டு சைக்கிள்

வித்தியாசம் காலில் எப்படித் தெரியும் என்பதை ஒரு மேட்டை வைத்துப் பார்ப்போம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதை மாதிரி ஒன்று. பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவு. ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 12 கிலோ.

இந்த மேட்டில் சைக்கிளைப் பின்னால் இழுக்கும் விசை, மண்ணின் உராய்வையும் சேர்த்துச் சுமார் 100 நியூட்டன். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டுமானால் சுமார் 170 வாட் சக்தி வேண்டும். எந்த சைக்கிள் ஆனாலும் இந்த 170 வாட் மாறாது. மாறுவது அதைக் கால் எப்படிக் கொடுக்கிறது என்பது.

1. கியர் சைக்கிளில் மிக இலகுவான கியரைப் போட்டால், 6 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்க வேண்டும். பெடலில் விழும் சராசரி அழுத்தம் 13 முதல் 14 கிலோ. சீட்டில் உட்கார்ந்தபடியே ஏறலாம்.
2. சிங்கிள் ஸ்பீடில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 27 சுற்றுதான். ஆனால் சராசரி அழுத்தம் 35 கிலோ. பெடலைத் தாங்கும் கையான கிராங்க் மேலேயும் கீழேயும் நேராக நிற்கும் கணங்களில் கால் எதையும் தள்ளுவதில்லை. ஆகவே நடுவில் தள்ளும் கணத்தில் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகி 70 கிலோவைத் தொடுகிறது.

70 கிலோ என்றால் கிட்டத்தட்ட ஆளின் முழு எடை. சிங்கிள் ஸ்பீடு ஓட்டுபவர்கள் மேட்டைக் கண்டதும் சீட்டை விட்டு எழுந்துவிடுவது இதனால்தான். உட்கார்ந்துகொண்டு அவ்வளவு அழுத்தம் கொடுக்க முடியாது. எழுந்து நின்று, உடம்பின் பாரத்தை ஒரு பெடலிலிருந்து மறு பெடலுக்கு மாற்றி மாற்றிப் போட்டு, ஹேண்டில்பாரைக் கையால் இழுத்துத்தான் ஏற வேண்டும். தோளும் முதுகும் இடுப்பும் வேலைக்கு வந்துவிடுகின்றன.

நிமிடத்துக்கு 27 சுற்று என்பது சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிடும் நிலை. ஒரு கல் தடுக்கினால் போதும். அதனால் சிங்கிள் ஸ்பீடுக்காரர் 50 சுற்றாவது மிதித்து வேகத்தைத் தக்கவைக்கப் பார்ப்பார். அப்போது வேகம் 11 கி.மீ. ஆகிவிடும், தேவைப்படும் சக்தி 310 வாட் ஆகிவிடும். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுபவரால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. அதற்குள் மேடு முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

கியர்க்காரருக்கு அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. மூச்சு வாங்கினால் வேகத்தை 4.5 கி.மீ.க்குக் குறைத்துக்கொள்வார். 127 வாட் போதும், நிமிடத்துக்கு 52 சுற்று. நத்தை வேகம்தான், ஆனாலும் சைக்கிள் மேலேதான் இருப்பார்.

சமதரையில் கணக்கு திரும்பிவிடுகிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் சிங்கிள் ஸ்பீடு 18 கி.மீ. வேகத்தை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் வேண்டுமானால் காலைப் பரபரவென்று சுற்ற வேண்டும். 100 சுற்றுக்கு 22 கி.மீ. கியர் சைக்கிள் கனமான கியரில், தள்ளும் பலம் இருந்தால், அதே 80 சுற்றில் 35 கி.மீ. போகும். கியர் சைக்கிள் கூட்டத்தோடு ஒரே ஒரு சிங்கிள் ஸ்பீடு போனால் இது கண்ணுக்கே தெரியும். மேட்டில் அவர் முன்னால் பாய்ந்துபோய்க் காத்திருப்பார், சமதரையில் மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள்.

## கியர் உழைப்பைக் குறைக்கிறதா?

ஒரு மூட்டை நெல்லை மாடிக்கு ஏற்ற வேண்டும். ஒரே தூக்காகத் தூக்கிப் போகலாம், மரக்கால் மரக்காலாக அள்ளிப் பலமுறை ஏறலாம். மேலே போய்ச் சேரும் நெல் ஒன்றுதான். கியர் செய்வது இரண்டாவது வேலை. மேட்டின் சுமையைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துக் காலுக்குக் கொடுக்கிறது. சுமையைக் குறைப்பதில்லை.

சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போனால், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஓட்டுபவரும் சைக்கிளுமாக 87 கிலோவை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் சுமார் 850 கிலோ ஜூல். மனித உடல் தான் எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரைதான் பெடலுக்குக் கொடுக்கிறது, மிச்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே உடல் எரிப்பது 800-லிருந்து 1,000 கிலோ கலோரி வரை. கியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் பெரிய மாற்றம் கிடையாது.

“கியர் போட்டால் உடற்பயிற்சி ஆகாது” என்ற பேச்சு இங்கே விழுந்துவிடுகிறது. கியர் இருந்தால் அதே உழைப்பை மெதுவாகவும் செய்யலாம் என்பது மட்டும் உண்மை. மெதுவாகச் செய்வதும் வேகமாகச் செய்வதும் உடம்புக்கு வெவ்வேறு பயிற்சிகள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

## உடற்பயிற்சிக்காக ஓட்டுபவருக்கு

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமானது எது, கடுமையானது எது என்று பார்க்க எளிய வழி பேச்சு. மூச்சு வாங்கினாலும் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமானது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால் கடுமையானது.

கியர் சைக்கிளில் இந்த அளவை ஓட்டுபவர் தீர்மானிக்கிறார். மேடு வந்தால் ஒரு க்ளிக், எதிர்காற்று அடித்தால் இன்னொரு க்ளிக். ஒரு மணி நேரமும் பேசக்கூடிய மூச்சிலேயே ஓட்டி முடிக்கலாம். சிங்கிள் ஸ்பீடில் அதைப் பாதை தீர்மானிக்கிறது. மேட்டில் இதயம் உச்சத்துக்குப் போகும், இறக்கத்தில் அடங்கும், மறுபடி மேடு. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இது அருமையான பயிற்சி. விட்டு விட்டுக் கடுமையாக உழைப்பதற்கென்று தனியாகத் திட்டம் போட வேண்டியதே இல்லை, மேடே போட்டுக் கொடுத்துவிடும். கால் பலமும் கூடும்.

ஆனால் பல வருடம் உட்கார்ந்த வேலை பார்த்துவிட்டு, டாக்டர் சொல்லி சைக்கிள் வாங்க வருபவர், ரத்த அழுத்தம் உள்ளவர், மூட்டு வலி உள்ளவர்: இவர்களுக்கு மேடு தீர்மானிக்கும் உழைப்பு ஏற்றதில்லை. குறைந்த சுற்றில் கனமாக மிதிக்கும்போது முழங்காலின் முன்பக்கத்தில்தான் பாரம் விழுகிறது. சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டினால் அது இன்னும் மோசம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்காலில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும் உயரத்தில் சீட் இருக்க வேண்டும். தெருவில் ஓடும் பல சைக்கிள்களில் சீட் தாழ்வாக இருக்கிறது. கியரா இல்லையா என்று யோசிக்கும் முன்பே சரிசெய்ய வேண்டிய விஷயம் இது, காசும் ஆகாது.

## ரசித்து ஓட்டுபவருக்கு

கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 1970-களில் இளைஞர்கள் சிலர் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலைக்கு எடுத்துப்போய் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்ததுதான் மவுண்டன் பைக்கின் தொடக்கக் கதைகளில் முக்கியமானது. 1976-ல் அவர்கள் ‘ரீபேக்’ என்ற இறக்கத்தில் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். மூன்று கி.மீ. சொச்சத்தில் சுமார் 400 மீட்டர் இறங்கும் பாதை. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக், கீழே வருவதற்குள் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க (ஆங்கிலத்தில் ரீபேக்) வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. அந்த முதல் சைக்கிள்கள் பெரும்பாலும் சிங்கிள் ஸ்பீடு. மேலே போக வண்டியில் ஏற்றிச் செல்வார்கள், இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரான கேரி பிஷர் போன்றவர்கள் அவற்றில் டெரெய்லரைப் பொருத்திய பிறகுதான் மிதித்தே மலையேறுவது எளிதானது. 1981-ல் வந்த ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் 15 கியரோடு வந்தது.

1990-களில் ஒரு கூட்டம் மறுபடி சிங்கிள் ஸ்பீடுக்குத் திரும்பியது. கியர் கிடைக்காமல் இல்லை. கியர் இல்லாமல் ஓட்டும்போது வேறொரு சுகம் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள்.

அந்தச் சுகம் எங்கே இருக்கிறது? கியர் இல்லாதபோது வேகம்தான் கையிருப்பு. மேடு வருவதற்கு முப்பது மீட்டர் முன்பே மிதிக்கத் தொடங்க வேண்டும். வளைவில் தேவையில்லாமல் பிரேக் பிடித்தால், அந்த நஷ்டத்தை அடுத்த மேட்டில் காலால் கட்ட வேண்டும். அதனால் கண் எப்போதும் பாதையின் அடுத்த வளைவில் இருக்கும். எந்த வேருக்கு எந்தப் பக்கம், ஈர மண்ணில் எங்கே டயரை வைப்பது என்று உடம்பு தானாகப் படித்துக்கொள்கிறது. விரலுக்கு வேலை இல்லை, கியர் மாறும் சத்தம் இல்லை, டயருக்கடியில் மண் நொறுங்கும் சத்தம் மட்டும். மவுண்டன் பைக் ஓட்டும் கலையைச் சீக்கிரம் கற்றுத்தரும் வாத்தியார் சிங்கிள் ஸ்பீடுதான் என்பது என் கருத்து.

ஆனால் அது சின்னச் சின்ன மேடுபள்ளம் மாறி மாறி வரும் பாதையில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போல ஒரே மூச்சாக ஏறும் பாதையில் சேர்த்துவைத்த வேகம் முதல் வளைவிலேயே கரைந்துவிடும். மிச்சம் முழுக்க வெறும் தம் கட்டுதல்தான்.

## கெட்டுப்போகும் இடங்கள்

கியர் சைக்கிளில் அதிகம் அடிபடுவது டெரெய்லர் ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு. ப்ரேமையும் டெரெய்லரையும் இணைப்பது அது. சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது இதுதான். ப்ரேம் பிழைக்கட்டும் என்றே இளகலாகச் செய்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் வளைந்தாலே கியர் தன்பாட்டில் தாவும். அதைக் கவனிக்காமல் மிக இலகுவான கியரைப் போட்டால், டெரெய்லர் சக்கரத்தின் கம்பிக்குள் போய்ச் சிக்கும். டெரெய்லர், கம்பிகள், சில சமயம் ப்ரேம் என்று ஒரு கணத்தில் எல்லாம் போய்விடும். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்த பிறகு, பின்னால் நின்று டெரெய்லர் செங்குத்தாகத் தொங்குகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

சிங்கிள் ஸ்பீடில் இதெல்லாம் இல்லை. ஷிப்டர், கேபிள், டெரெய்லர், கேசட் எல்லாம் போவதால் ஏறக்குறைய ஒரு கிலோ எடையும் குறைகிறது. செயின் அகலமானது, நேராக ஓடுவது, சேற்றைத் தாங்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். பார்த்துக்கொள்ள வேண்டியது செயினின் இழுவை ஒன்றுதான். தளர்ந்தால் மேட்டில் எழுந்து மிதிக்கும் கணத்தில் கழன்றுகொள்ளும். பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் சிங்கிள் ஸ்பீடு அரிதாக இருப்பதும் இதனால்தான். சஸ்பென்ஷன் அசையும்போது அச்சுகளுக்கு இடையிலான தூரம் மாறி, செயின் இறுகியும் தளர்ந்தும் போகும்.

விலை குறைந்த 21 கியர் சைக்கிள் இரண்டு பக்கமும் நஷ்டம். தகடாலான டெரெய்லர் சில மாதங்களில் தளர்ந்துபோய், கடைசியில் நடு கியரிலேயே விட்டுவிட்டு ஓட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கையில் இருக்கும் பணம் கம்மி, ஊர் சமதரை என்றால், அதே விலைக்கு நல்ல பிரேக்கும் நல்ல ரிம்மும் உள்ள சிங்கிள் ஸ்பீடை எடுப்பதே மேல். சென்னையோ தஞ்சாவூரோ அப்படிப்பட்ட ஊர்தான். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர் கொஞ்சம் பணம் சேர்த்து, முன்னால் ஒன்றோ இரண்டோ செயின்வீல் மட்டும் உள்ள, பின்னால் பெரிய பல்சக்கரம் உள்ள கியர் சைக்கிளாகப் பார்க்கலாம்.

## ஏற்கெனவே சிங்கிள் ஸ்பீடு வாங்கியவர்கள்

மிதிக்கக் கனமாக இருக்கிறது என்று அதை ஓரங்கட்ட வேண்டாம். சைக்கிளை மாற்றாமலே பல்லை மாற்றலாம்.

1. முன்னும் பின்னும் பற்களை எண்ணுங்கள். 26 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 36, பின்னால் 18 என்றால் ஒரு சுற்றுக்கு 4.14 மீட்டர்.
2. பின்னால் 22 பல் ப்ரீவீல் போட்டால் அது 3.39 மீட்டராகக் குறையும். பெடலின் கனம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும்.
3. பழைய ப்ரீவீலைக் கழற்ற அதற்கென்று உள்ள டூல் வேண்டும். மிதிக்க மிதிக்க இறுகும் மரை அது. சுத்தியலும் உளியும் வைத்து அடிக்க விடாதீர்கள்.
4. பின்பக்கப் பல் பெரிதானால் பின் அச்சு சுமார் 13 மில்லிமீட்டர் முன்னே வரும். அதற்கு இடமில்லை என்றால் செயினில் ஒரு ஜோடிக் கண்ணி சேர்த்தால் அச்சு பழைய இடத்திலேயே நிற்கும்.
5. அச்சு நகர்ந்திருந்தால் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படிகிறதா என்று பாருங்கள். கட்டையின் நுனி டயரில் உரசினால், ஒரே இறக்கத்தில் டயரின் ஓரம் அறுந்துவிடும்.